இருபது சாவுகளும் ஒரு மாயாவியும்

தமிழ் காமிக்ஸில் மாயாவிகள் இரண்டு பேர். ஒருவர் இரும்புக்கை மாயாவி. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக வந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்த இரும்புக் கையைத் தவிர மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அவரைப் பற்றி எழுத அவருக்கென்றே ஒரு ரசிகர் படை இருக்கிறது. நான் பேசப்போவது இன்னொருவரைப் பற்றி: ராணி காமிக்ஸ் மாயாவி. உடம்போடு ஒட்டிய உடை, முகமூடி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, விரலில் மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, நாய் மாதிரி கூடவே வரும் ஓர் ஓநாய். ஆங்கிலத்தில் ஃபேன்டம்.

எங்கள் பக்கம், அதாவது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், தொண்ணூறுகளில் படிக்க ஆரம்பித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது இந்த மாயாவிதான். சிவகாசிப் புத்தகங்கள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ராணி காமிக்ஸ் அப்படியில்லை. தினத்தந்திக் குழுமத்தின் புத்தகம் என்பதால் பேப்பர் கட்டோடு வந்து இறங்கிவிடும். டீக்கடையில் தந்தி தொங்குகிற ஊரென்றால் பக்கத்திலேயே மாயாவியும் தொங்குவார். 1984 ஜூலையில் ஜேம்ஸ் பாண்டுடன் தொடங்கி 2005இல் நின்றுபோன அந்த இதழின் பிற்பாதியை எங்கள் தலைமுறை மாயாவிக்காகவே வாங்கியது.

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணிலிருந்து நாற்பது சொச்சம் புத்தகங்கள் மீண்டன. கரையான் விட்டுவைத்தது அவ்வளவுதான். அவற்றோடு ஆங்கிலத்தில் கிடைத்த பழைய தினசரித் துண்டுத் தொடர்களையும், முதல் ஓவியர் ரே மூர் காலத்திலிருந்து 1961க்குப் பிறகு வரைந்த சை பாரி காலம்வரை, சில மாதங்கள் உட்கார்ந்து படித்தேன். கதைகள் இன்னமும் ஓடுகின்றன. அதில் சந்தேகம் இல்லை. சை பாரியின் காடு இருட்டாக, ஈரமாக, ஆழமாக இருக்கிறது. குதிரை பாயும் கட்டங்களில் இப்போதும் கண் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் படித்துக்கொண்டு போகப்போக, இந்தத் தொடர் வீரத்தின்மேல் நிற்கவில்லை, ஒரு பொய்யின்மேல் நிற்கிறது என்பதும் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் வேலையைச் செய்வது மாயாவி இல்லை என்பதும்தான் மனசில் பெரிதாகிக்கொண்டே வந்தன.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் 1936 பிப்ரவரி 17 அன்று இதைத் தொடங்கினார். 1999இல் சாகும்வரை எழுதிக்கொண்டிருந்தார். 1536இல் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்க, தப்பிக் கரையொதுங்கிய வெள்ளைக்கார இளைஞன் ஒருவன், தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மேல் சத்தியம் செய்கிறான்: நானும் என் வம்சமும் கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் எதிர்த்துப் போராடுவோம். அவன் முதல் மாயாவி. அவன் செத்ததும் மகன் அதே உடையைப் போட்டுக்கொள்கிறான். பிறகு அவன் மகன். நாம் படிக்கும் மாயாவி 21ஆவது ஆள். காட்டு ஜனங்களுக்கு இது தெரியாது. 400 வருடமாக ஒரே ஆள் குதிரையில் சுற்றுகிறான், அவனுக்குச் சாவு கிடையாது என்று நம்புகிறார்கள். எதிரிகளும் நம்புகிறார்கள். பயம் அங்கிருந்துதான் வருகிறது.

என் தொழில் புத்திக்கு இது ஒரே யூசர்நேமில் 21 பேர் லாகின் செய்த கதை. பாஸ்வேர்டு அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. வெளியிலிருந்து பார்க்கிற எவனுக்கும் ஆள் மாறியது தெரியாது. எந்த ஆபீஸிலும் ஆடிட்டில் முதல் நாளே மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது.

வாசகனுக்கு மட்டும் ரகசியம் தெரியும். தொடரின் தந்திரமே இதுதான். ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் நமக்கு அது திரும்பத் திரும்பச் சொல்லப்படும், இவன் 21ஆவது ஆள் என்று. அதே கதையின் நடுவில் யாராவது ஒரு காட்டுவாசி அவனைப் பார்த்து நடுங்குவான். அந்த நடுக்கத்தைப் பார்த்து நமக்கு ஒரு சின்னச் சிரிப்பு வரும். பாவம், இவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு வருகிற இடத்தில்தான் நாம் யார் பக்கம் உட்கார வைக்கப்பட்டோம் என்பது முடிவாகிறது. நாலாவது தெருவில் கூரைவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தாலும், மண்டையோட்டுக் குகையின் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு நாற்காலி போட்டுவிடுகிறார்கள்.

*

இந்திய மொழிகள் இவனுக்கு வைத்த பெயர்களைப் பார்க்க வேண்டும். இந்திக்காரர்கள் வேதாளம் ஆக்கினார்கள். தமிழிலும் வேதாளர் என்று ஒரு பெயர் உண்டு. வங்காளிகள் அரண்யதேவ் என்றார்கள், காட்டின் கடவுள். அவர்கள் நேராகக் கும்பிட்டுவிட்டார்கள். ராணி காமிக்ஸ் மாயாவி என்றது. மாயம் செய்கிறவன். இந்த மூன்றில் உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது தமிழ்ப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இவன் பேயும் இல்லை, சாமியும் இல்லை. கண்கட்டு வித்தைக்காரன். பெயர் வைத்த உதவி ஆசிரியர் யாரோ, அதை யோசித்து வைத்தாரா, அட்டையில் பெரிய எழுத்தில் போட எடுப்பாக இருக்கிறதென்று வைத்தாரா, தெரியவில்லை. ஆனால் ரகசியத்தை அட்டையிலேயே போட்டு உடைத்துவிட்டார்.

இன்னொன்று. ராமாயணத்தில் வாலியோடு சண்டை போட்டுக் குகைக்குள் ஓடிய அசுரனின் பெயரும் மாயாவிதான். அங்கேயும் குகை. உள்ளே போன இரண்டு பேரில் செத்தது யார் என்று வெளியே நின்ற சுக்ரீவனுக்குத் தெரியாமல் போனதுதான் பின்னால் வந்த அத்தனை சண்டைக்கும் காரணம். குகைக்குள் நடந்த சாவு வெளியே தெரியாமல் போனால் ராஜ்யம் கைமாறும், அல்லது கைமாறாமலே இருக்கும். லீ ஃபால்க் இதைப் படித்திருப்பாரா என்பது பிரச்சினையில்லை. கதைக்குள் குகை எதற்கு வருகிறது என்பது எல்லா ஊர்க் கதைசொல்லிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஃபால்க் கிப்ளிங்கைப் படித்தவர். தன்னைப் பாதித்தவர்களில் ஒருவராக அவரைச் சொல்லியும் இருக்கிறார். மாயாவியைக் கரையில் கண்டெடுத்துக் காப்பாற்றிய குள்ள மனிதர்களின் இனத்துக்கு அவர் வைத்த பெயர் பந்தர். இந்தியில் அந்தச் சொல்லுக்குக் குரங்கு என்று பொருள். 1894இல் வந்த கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கில் குரங்குக் கூட்டத்தின் பெயர் பந்தர்-லோக். முதல் கதையில் வில்லன்களாக வரும் கடற்கொள்ளைக் கூட்டத்துக்கு சிங் சகோதரர்கள் என்று பெயர். நாட்டின் பெயர் பெங்கால்லா. ஆரம்பத்தில் அது ஆசியாவில் எங்கோ இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. புலிகள் மட்டும் அங்கேயே இருந்துவிட்டன. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது நமக்குச் சுருக்கென்று குத்தக்கூடிய பெயர்களை மட்டும் மாற்றினார்கள். பெங்கால்லா டென்காலி ஆனது. சிங், சிங்கா ஆனது. மாற்றியது பெயர்களை. கட்டத்துக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை யாரும் மாற்றவில்லை. மாற்றவும் முடியாது.

இதையெல்லாம் சொன்னதும், 'அதான் தெரியுமே, காலனியக் கதை, வெள்ளைக்காரன் காட்டைக் காப்பாற்றுகிறான்' என்று ஒரு வரியில் கடந்துபோவது சுலபம். 1971இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மட்டலாரும் டொனால்ட் டக்கைக் கிழித்து எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்த வகை வாசிப்புக்கு ஒரு டெம்ப்ளேட்டே வந்துவிட்டது. அந்த டெம்ப்ளேட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. படிக்கிறவனை அது பஞ்சு மாதிரி நினைக்கிறது. ஊற்றினால் உறிஞ்சிக்கொள்வான் என்று. பாப்புவா நியூ கினியின் மலைப் பகுதியில் வாகி மக்கள் தங்கள் சண்டைக் கேடயங்களில் இந்த ஃபேன்டமை வரைந்து வைத்தார்கள். டோக் பிசின் மொழியில் வான்டோக் என்ற பத்திரிகையில் தொடரைப் படித்தவர்கள் அவர்கள். சாகாத மனுஷன் என்று ஒருத்தன் இருந்தால் அவன் நம் கேடயத்தில் இருக்கட்டுமே என்ற கணக்கு. அந்தக் கேடயங்கள் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவர்கள் உறிஞ்சவில்லை, பிடுங்கிக்கொண்டார்கள்.

நாங்களும் பிடுங்கித்தான் கொண்டோம். குதிரை, நாய், ஆயுதம், ராத்திரியில் எல்லையைச் சுற்றிவருவது. பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இது யார் என்று சொல்லித்தர வேண்டுமா? ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் மண்குதிரையோடு நிற்கிறாரே, அவர். என் அப்பாயி அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு சாமிடா?" என்று கேட்டது. அது எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாத கிழவி. ஆனால் படத்தைப் படிக்கத் தெரியும். முட்டைக்கண்ணும் முறுக்குமீசையும் இல்லாதது மட்டும்தான் அதற்குக் குறை.

இந்த ஒற்றுமையைத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் நம்பினோம். இப்போது பார்த்தால் மாயாவியும் எங்கள் காவல் தெய்வமும் நேர் எதிரெதிர்.

*

காத்தவராயனை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி, பெரம்பலூர், தஞ்சாவூர் பக்கமெல்லாம் கழுமரத்தோடு இருப்பவர். ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவில் ஏற்றப்பட்டவர் என்கிறது கதைப்பாடல். மதுரை வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். இவர்களுக்குச் சக்தி வந்தது செத்ததால். அதுவும் அநியாயமாகச் செத்ததால். செத்தது எப்படி, கொன்றது யார், எந்த இடம் என்பதுதான் ராத்திரி முழுக்க விடிய விடியப் பாடப்படுகிறது. மறைக்கிற பேச்சே இல்லை. கழுமரத்தை நட்டுவைத்தே கும்பிடுகிறார்கள். கொன்றவனின் பிள்ளைகள் பயப்படுவது, இவன் சாகவில்லை என்பதால் இல்லை, நாம் கொன்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால்.

தெய்வம் மட்டுமில்லை, ராஜாக்களும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கே ஆண்ட சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ராஜராஜன் ராஜகேசரி, மகன் ராஜேந்திரன் பரகேசரி, அடுத்தவன் மறுபடி ராஜகேசரி. கல்வெட்டில் பட்டம் மட்டும் இருந்தால் எந்த ராஜா என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்களுக்கு மண்டை காய்கிறது. கிட்டத்தட்ட மாயாவி டெக்னிக். ஆனால் அதே சோழர்கள் செத்துப்போன ராஜாவை எப்படிக் குறித்தார்கள்? பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று. தொண்டைமான் ஆற்றூர்த் துஞ்சின உடையார் என்று. சுந்தர சோழனுக்கும் ஆதித்த சோழனுக்கும் அவர்கள் செத்த இடமே பெயர். சங்க காலத்து ராஜாக்களிடமும் இந்த 'துஞ்சிய' உண்டு. மாடு மீட்கப்போய்ச் செத்த சாதாரண ஆளுக்கு நடுகல். சாவை எழுதி, நட்டு, பாடி வைப்பதுதான் இந்த மண்ணின் வழக்கம். சாவை மறைத்துத்தான் அதிகாரம் நடத்த வேண்டும் என்ற யோசனை இங்கே வேறு எங்கிருந்தோ வந்து இறங்கியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காவல் தெய்வத்தை நான் வெள்ளையடிக்கவில்லை. சாமி யார்மேல் வேண்டுமானாலும் வரலாம் என்பது பேச்சுக்குத்தான். பல ஊர்களில் சாமியாடியும் பரம்பரை உரிமைதான். திருவிழாவில் யார் எதுவரை வரலாம் என்ற கோடும் உண்டு. ஆனால் அந்தச் சாமியிடம் ஜனங்கள் பேசுகிற விதம் வேறு. மழை இல்லையென்றால் திட்டுவார்கள். சுருட்டும் சாராயமும் வைத்துவிட்டு வேலை முடியவில்லையென்றால் கணக்குக் கேட்பார்கள். பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறக்கும். தெய்வத்துக்கே ஐந்து நாள் லீவு. மாயாவிக்கு 400 வருஷமாக ஒரு நாள்கூட லீவு கிடையாது, அவரைப் பற்றி முணுமுணுக்கிற ஒரே ஒரு காட்டுவாசியும் கிடையாது.

காட்டுப் பழமொழிகள் விஷயமும் இதுதான். கதைக்கு நடுவே அடிக்கடி ஒரு பழைய காட்டுப் பழமொழி வரும். நாற்பது புத்தகத்திலும் வந்ததையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். நான் குறித்தவை அனைத்தும் மாயாவியைப் பற்றியவை. அவர் குரல், அவர் கோபம், அவர் வேகம், அவர் கண். மழையைப் பற்றி ஒன்று இல்லை. மாமியாரைப் பற்றி இல்லை. பசியைப் பற்றி, கடனைப் பற்றி, விளைச்சலைப் பற்றி இல்லை. 400 வருஷம் ஒரு காட்டில் வாழ்ந்த ஜனம், தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு பழமொழிகூடச் சொல்லாமல் பக்கத்துக் குகைக்காரனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. குழந்தையாகப் படிக்கும்போது இது கம்பீரமாக இருந்தது. இப்போது தேர்தல் போஸ்டர் மாதிரி இருக்கிறது.

*

என்னோடு சேர்ந்து இந்தப் புத்தகங்களைப் படித்தவன் ஒருவன் உண்டு. நடுநிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் வீடு காலனியில். எங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு சரி, உள்ளே வரமாட்டான். ஏன் என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் பெரும்பாலும் ஏரி மதகில் உட்கார்ந்துதான் படிப்போம். நான் சத்தமாகப் படிப்பேன், அவன் படம் பார்ப்பான். பக்கம் திருப்புவது அவன் உரிமை. அவன் அப்பா சாவுக்குப் பறையடிக்கிறவர்.

ஒரு நாள் கதையின் நடுவில் காட்டு முரசு அடிக்கிற கட்டம் வந்தது. மாயாவி கதைகளில் முரசுதான் டெலிபோன். யாராவது கடத்தப்பட்டால், நகரத்திலிருந்து ஆள் வந்தால், மாயாவியைக் கூப்பிட வேண்டுமென்றால் முரசு. அவன் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்: "எங்கப்பா அடிச்சா எந்தத் தெருவுல சாவுன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்டா. இவனுங்க கையிலதான் கொட்டு இருக்கு. அப்புறம் எப்படிடா இருவது சாவ மறைச்சானுங்க?"

நான் எழுதிய, படித்த எந்த விமர்சனத்திலும் மாயாவியைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியைப் பார்த்ததில்லை. அப்போது எனக்கு அது ஜோக்காகப் பட்டது. அவன் ஜோக்கடிக்கவில்லை. தொழில் தெரிந்தவன் கேட்ட கேள்வி அது.

பதில் தொடருக்குள்ளேயே இருக்கிறது. மாயாவிக்குச் சாவு உண்டு என்பது பந்தர் இனத்தாருக்குத் தெரியும். குகைக்குப் பாதை அவர்கள் காவலில். அடிபட்டு வரும் மாயாவியைத் தேற்றுவது அவர்கள். செத்துப்போன மாயாவிகள் அந்தக் குகைக்குள்ளேயே வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இருபது கல்லறை. அந்த இருபதுக்கும் சாட்சி அந்த இனம். அவர்கள் தலைவன் குரன், இப்போதைய மாயாவியின் பால்ய சிநேகிதன். அப்பனையும் பார்த்தவன், பிள்ளையையும் பார்க்கிறவன். அவன் ஒரு நாள் முரசை எடுத்து ஒரே ஒரு சேதியை அடித்தால் போதும், தொடர் அன்றோடு முடிந்தது. துப்பாக்கியும் குதிரையும் மோதிரமும் அல்ல, இவர்கள் அடிக்காத அந்த ஒரு அடிதான் மாயாவியின் ஆயுதம். 400 வருஷம், தலைமுறை தலைமுறையாக, குழந்தைகள் உட்பட ஒரு முழு ஜனமும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய வேலை! கூலி உண்டா? தொடர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. விசுவாசம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது.

ஏன் அப்படி விசுவாசம் என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. பந்தர்கள் முன்பு வசாகா என்ற ராட்சத உருவ இனத்தாரிடம் அடிமையாக இருந்தார்கள். வசாகாக்கள் கும்பிட்ட ஒரு சிலை இருந்தது. முதல் மாயாவி அந்தச் சிலையின் தோற்றத்திலேயே தனக்கு ஓர் உடை செய்து போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நிற்கிறான். சாமியே வந்துவிட்டதென்று அவர்கள் வெலவெலத்துப்போக, பந்தர்கள் விடுதலை அடைகிறார்கள். இதைத் திரும்பப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டேன். நாம் கண்ணை மூடினாலும் ஞாபகத்தில் வரும் அந்த உடை, அந்த முகமூடி, மாயாவியுடையது இல்லை. அது உள்ளூர்க்காரனின் சாமி. அதைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டு, பிறகு 21 தலைமுறைக்குத் தன் வம்சத்துச் சீருடை ஆக்கிவிட்டான். அடிமைகளை விடுவித்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுதலையான பந்தர்கள் அடுத்த 400 வருஷம் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். குகை வாசலில் விஷ அம்போடு காவல் நிற்கிறார்கள்.

முகமூடி வம்சத்தைத் தாண்டவே தாண்டாதா என்றால், ஒருமுறை தாண்டியிருக்கிறது, பாதி. 17ஆவது மாயாவி காயப்பட்டுக் கிடந்தபோது அவன் இரட்டைச் சகோதரி ஜூலி அந்த உடையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். 1950களில் வந்த கதை அது. அந்தக் காலத்துக்கு ஃபால்க் கொஞ்சம் தைரியமாகத்தான் செய்திருக்கிறார். பெண் மாயாவி ஆகலாம், தற்காலிகமாக. குரன் ஆக முடியாது. உயரம் பத்தாது என்று சொல்வீர்கள். ஜூலிக்கு மீசை தாடி பத்தாதபோது யாரும் கவலைப்படவில்லையே.

ஃபால்க் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1960களில் ஆப்பிரிக்க நாடுகள் விடுதலையாகிக்கொண்டிருந்தபோது பெங்கால்லாவும் குடியரசு ஆகிறது. லுவாகா என்ற கறுப்பின டாக்டர் தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆகிறார். அவரைக் கவிழ்க்கப் பார்க்கும் ராணுவ ஜெனரலை மாயாவி எதிர்க்கிறார். 1977இல் மாயாவியைக் கல்யாணம் செய்துகொள்ளும் டயானா ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்க்கிறவள். அன்றைய அமெரிக்கச் செய்தித்தாளில் நகைச்சுவைப் பக்கத்தில் ஒரு கறுப்பின ஜனாதிபதியைக் கண்ணியமாக வரைந்தது சின்ன விஷயம் இல்லை. காலம் மாறுவதைக் கவனித்த எழுத்தாளர் அவர். ஆனால் குடியரசு வந்த பிறகும் காட்டுக் காவல்படை என்று ஒரு ஆயுதப் படை இருக்கிறது. அதன் தளபதி யார் என்று படைவீரர்களுக்கே தெரியாது. ஒரு இரும்புப் பெட்டிக்குள் உத்தரவுக் கடிதம் இருக்கும், எடுத்துப் படித்து சல்யூட் அடிப்பார்கள். அந்தக் கண்ணுக்குத் தெரியாத தளபதியும் நம்ம ஆள்தான். தேர்தலில் நிற்காதவர், தோற்காதவர், ஓய்வு பெறாதவர். காட்டின் பொக்கிஷங்கள் அவர் குகையின் நிலவறையில் பத்திரமாக இருக்கின்றன. யாருடைய பொக்கிஷம், எப்போது திருப்பித் தருவார் என்ற கேள்வியைக் குடியரசு கேட்பதில்லை.

இதையெல்லாம் சொன்ன பிறகும் பரணிலிருந்து இறக்கிய புத்தகங்களை நான் எடைக்குப் போடவில்லை. பைண்டிங் செய்யக் கொடுத்திருக்கிறேன். காரணம் பழைய பாசம் மட்டும் இல்லை. தொடரின் உள்ளேயே அதன் பொய்க்கு எதிராக ஒரு வகைக் கதை இருக்கிறது. இப்போதைய மாயாவி ராத்திரியில் குகைக்குள் உட்கார்ந்து முன்னோர்களின் ஏடுகளைப் புரட்டுவார். ஆறாவது மாயாவி இப்படி இருந்தார், பதின்மூன்றாவது மாயாவி இப்படி என்று கதை பின்னால் போகும். அந்தக் கதைகளில் மட்டும் மாயாவிக்கு வயசாகிறது. காயம் ஆறாமல் போகிறது. தப்பான ஆளை நம்புகிறார். கடைசியில் ஒரு கட்டத்தில், முதுகில் கத்தியோடு குதிரைமேல் சாய்ந்தபடி குகைக்குத் திரும்புகிறார். சாகாத மாயாவியைவிடச் சாகிற மாயாவிகள்தான் நல்ல பாத்திரங்கள். ஃபால்க்கின் எழுத்தும் அங்கேதான் கொஞ்சம் மூச்சு விடுகிறது. என் அக்கா மகள் ஆறாவது படிக்கிறாள், காமிக்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முதலில் கொடுக்க இந்த வகையில் நாலைந்து தேறும் என்று எடுத்துவைத்திருக்கிறேன்.

அந்த ஏடுகளை எழுதுவது மாயாவிகளே. ஒவ்வொரு தலைமுறையும் தன் காரியத்தைத் தன் கையால் எழுதி அலமாரியில் வைக்கிறது. நாற்பது புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், பந்தர் ஒருவர் எழுதிய, அல்லது சொல்லிய, ஓர் ஏடுகூட அந்த அலமாரியில் இல்லை. குரனின் அப்பா இருபதாவது மாயாவியைத் தூக்கி உள்ளே வைத்த ராத்திரி என்ன பேசினார்கள், யார் அழுதார்கள், முரசைத் தொடக் கூடாது என்று சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னார்கள்? காத்தவராயன் கதையைக் கழுவேற்றியவர்கள் எழுதி வைக்கவில்லை. உடுக்கை அடிப்பவர்கள் பாடினார்கள். எங்கள் பக்கம் இன்னமும் பாடுகிறார்கள், ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கிக்கொண்டு.